கடைசி ஃபாரம்

ஆனைக்குட்டம்
12.1.2025

அன்புத் தம்பி காசிராஜனுக்கு அக்கா சொர்ணலட்சுமி எழுதுவது. நானும் பிள்ளை பாண்டிமீனாவும் சுகமாக இருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? தரையில்தான் படுக்கிறாயா, விரிப்பு ஏதும் கொடுத்தார்களா என்று எழுது.

தீர்ப்பு வந்து உன்னை மதுரைச் சிறைக்குக் கூட்டிப்போய் இரண்டு மாதம் ஆகிறது. அங்கிருந்து போனில் பேச விடுவார்கள் என்று வக்கீல் சொன்னார். வேண்டாம். உன் குரலைக் கேட்டால் நான் அழுதுவிடுவேன். நீ அந்தப் பக்கம் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருப்பாய். கொடுக்கிற நேரம் அப்படியே போய்விடும். கடிதம் என்றால் நான் திட்டுவதை நீ பாதியில் நிறுத்த முடியாது.

காலண்டர் சீசன் முடிந்தது. சிவகாசியில் எங்கள் பைண்டிங்கில் இப்போது புத்தக வேலை. சென்னைப் பதிப்பகம் ஒன்று மாயக்கதை நாவலாகப் போட்டுத் தள்ளுகிறது. எனக்கு அது இருந்தால் சோறு வேண்டாம் என்பது உனக்குத் தெரியும். உன் மச்சான் இருந்தபோது, "ஏ சொர்ணம், பூதம் வந்து உக்காந்து அம்புட்டு நேரமாச்சு, அதுக்கும் ஒரு டீயப் போடு" என்று கேலி செய்வார்.

ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகி மடிந்து வந்தால் அது ஒரு ஃபாரம். மை இழுவியது, கோணலாக மடிந்தது எல்லாம் வேஸ்ட், வீட்டுக்கு எடுத்துப்போகலாம். நான் அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, வரிசை பார்த்து, கோணி ஊசியால் தைத்து எனக்கென்று புத்தகமாக்கிக்கொள்கிறேன். ஒரே குறை, கடைசி ஃபாரம் மட்டும் கிடைக்காது. அது எட்டுப் பக்கம்தான் இருக்கும், அளவாக ஓட்டுவார்கள், வேஸ்ட் விழாது. கட்டிய பண்டலைப் பிரித்துப் பார்க்கலாம் என்றால் சூப்பர்வைசர் பிரபாகரன் தலைமாட்டில் நிற்கிறான். உங்கள் சிறை நூலகத்துக்கு அந்தப் பதிப்பகம் புத்தகங்கள் தானம் கொடுத்ததாகப் பேசிக்கொள்கிறார்கள். இருந்தால் கடைசிப் பக்கங்களைப் படித்து முடிவை எனக்கு எழுது.

படித்ததையெல்லாம் ஒரு ரிஜெக்ட் டைரியில் குறித்து வருகிறேன். அதிலிருந்து:

உப்பு மாளிகை. இருபத்திரண்டு ஃபாரம், கையில் இருபத்தொன்று. ராணி உப்பால் ஆனவள், மழை பட்டால் கரைந்துவிடுவாள். நாட்டில் ஏழு வருஷமாக மழை இல்லை. அவள் புருஷன், மேகங்களைப் பூட்டி வைத்திருக்கும் ஒருத்தியைத் தேடிப் போகிறான். திறக்கச் சொல்வதா, பூட்டியே வைக்கச் சொல்வதா என்று அவனுக்கே தெரியவில்லை. குதிரைகள் ரொம்பப் பேசுகின்றன. நூற்றுக்கு எண்பது.

இது உன் மச்சான் இல்லாத மூன்றாவது பொங்கல். அன்று சாத்தூர்ப் பட்டாசு ஆலை வெடித்தபோது நடந்ததை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். போர்மேனாக அங்கே நின்றவன் நீ. "ஒரு நொடிதான்க்கா, மச்சானுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்று ஆஸ்பத்திரி வாசலில் நீ சொன்னாயே, அதை வைத்துத்தான் தூங்குகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
சொர்ணலட்சுமி


மதுரை
27.1.2025

அக்காவுக்குத் தம்பி காசிராஜனின் வணக்கம். நான் நல்லபடியாக இருக்கிறேன். விரிப்பு கொடுத்திருக்கிறார்கள். முதுகு பரவாயில்லை. உனக்குச் சளி பிடித்திருக்குமே இந்தப் பனியில், வெந்நீர் குடி.

உன் கடிதத்தைக் காட்டித்தான் நூலகத்தில் வேலை கேட்டேன். சாலமன்ராஜ் என்று ஒரு சார், முன்பு வாத்தியாராக இருந்தவர், அவரும் கைதிதான், அவருக்கு உதவியாகப் போட்டிருக்கிறார்கள். புத்தகங்களைத் துடைத்து அடுக்க வேண்டும். நீ சொன்ன பதிப்பகத்தின் புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. உப்பு மாளிகையும் இருந்தது. கடைசி எட்டுப் பக்கம் மட்டும் படித்தால் புரியவில்லை, அதனால் முதலிலிருந்து படித்தேன். ஒன்பது நாள் ஆனது. என் ஆயுளில் நான் முழுதாகப் படித்த முதல் புத்தகம் இதுதான், சிரிக்காதே.

முடிவு இப்படி. மேகத்தைத் திறந்துவிடுகிறார்கள். மழை கொட்டுகிறது. ஆனால் ராணி கரையவில்லை. அவள் புருஷன் அதற்கு முன்னாலேயே மயிலிறகால் ஒரு பெரிய குடை செய்து வாங்கி வந்துவிட்டான். நாட்டுக்கு மழையும் கிடைத்தது, ராணியும் இருந்தாள். எல்லோருக்கும் சந்தோஷம்.

மீனா ஒழுங்காகப் படிக்கிறாளா? கணக்கு வராவிட்டால் அடிக்காதே, எனக்கும் வரவில்லை.

உன் தம்பி
காசிராஜன்


ஆனைக்குட்டம்
20.2.2025

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. சளி போய்விட்டது, இருமல் மட்டும் மிச்சம். உனக்கு அங்கே கொசு எப்படி?

இருபத்தொரு ஃபாரம் அந்த ராணியை அழவைத்துவிட்டுக் கடைசியில் ஒரு குடையா? அந்த ஆசிரியர் என் கையில் கிடைத்தால் கேட்பேன், இந்தக் குடையை முதல் ஃபாரத்திலேயே வாங்கிக் கொடுத்திருந்தால் எங்களுக்குப் பைண்டிங் வேலை மிச்சமாயிருக்குமே என்று. டைரியில் எண்பதை அடித்து அறுபது போட்டுவிட்டேன். ஆனாலும் படித்துவிட்டு நன்றாகத் தூங்கினேன், பொய் சொல்லக் கூடாது.

ஒரு நல்ல செய்தி. போன வாரம் நம் மீனா பெரிய மனுஷி ஆகிவிட்டாள். தண்ணீர் ஊற்றினோம், அவ்வளவுதான். சடங்கு பிறகு பெரிதாக வைக்க வேண்டும். தாய்மாமன் நீ ஒருத்தன்தான். நீ சீர் கொண்டுவந்து மாலை போடாமல் அவளை மணையில் உட்காரவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொந்தக்காரர்கள், "அவன் வெளிய வாரதுக்குள்ள இவளுக்குக் கல்யாணமே வந்துரும்" என்கிறார்கள். சொல்லட்டும்.

வக்கீல் அப்பீல் போட்டிருக்கிறார். அப்பீல் முடியும்வரை உன்னை ஜாமீனில் விடக் கேட்கலாமாம். ஜாமீன் போட இரண்டு பேர் வேண்டும், ஒருவர் இரத்த சொந்தமாக இருக்க வேண்டுமாம். "செத்தவரோட வீட்டுக்காரம்மாவே எனக்கு இவன் மேல வருத்தமில்லன்னு எழுதிக் குடுத்து, ஜாமீனுக்கும் வந்தா, அதுக்கு மேல என்ன வேணும்" என்றார். நான் வருகிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

டைரி: நிழல் இல்லாத ஊர். பதினெட்டில் பதினேழு ஃபாரம். மந்திரவாதி ஊராரின் நிழலையெல்லாம் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறான். நிழல் போனவர்களுக்கு, செத்துப்போனவர்களின் முகம் மறந்துபோகிறது. தெருவிளக்கு ஏற்றுகிற ஒருத்தி நிழல்களை மீட்கப் புறப்படுகிறாள், அவள் புருஷனை இழந்தவள். இப்போதைக்கு நூற்றுக்குத் தொண்ணூறு. முடிவை எழுது.

கருப்பம்மாள் எங்கள் பைண்டிங்கில் சேர்ந்திருக்கிறாள். அன்று அந்த ஆலையிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தவள்தான். காது இன்னும் சரியாகக் கேட்பதில்லை. என் பக்கத்து மேஜைதான், பாவம்.

உன் அக்கா
சொர்ணலட்சுமி


மதுரை
14.3.2025

அக்காவுக்கு வணக்கம். இருமலுக்கு மருந்து வாங்கினாயா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கொசு இருக்கிறது, பழகிவிட்டது.

மீனா செய்தியை நாலு தடவை படித்தேன். சாலமன் சாரிடம் சொன்னேன், அவர் தன் பங்கு வெல்லத்தைக் கொடுத்தார், அதை வாயில் போட்டுக்கொண்டோம். சடங்குக்கு என்னை எதிர்பார்க்காதே அக்கா. பிள்ளையைக் காக்க வைக்காதே. சொந்தத்தில் வேறு யாராவது மாமன் முறைக்கு நிற்கட்டும்.

நிழல் இல்லாத ஊரைப் படித்துவிட்டேன். அந்த விளக்குக்காரி எல்லோருடைய நிழலையும் மீட்டு மூட்டை கட்டிக் கொண்டுவருகிறாள். அவிழ்த்ததும் அதது அவரவர் காலில் போய் ஒட்டிக்கொள்கிறது. அவளுடையது மட்டும் வரவில்லை. அழுதுகொண்டிருக்கும்போது கடைசியாக ஓடிவருகிறது, தாமதமாகப் பள்ளிக்கூடம் வரும் பிள்ளை மாதிரி. அவள் புருஷன் முகம் அவளுக்கு நன்றாக நினைவு வந்துவிடுகிறது.

கருப்பம்மாள் அக்கா எப்படி இருக்கிறார்கள்? அன்றைய பேச்சு ஏதும் பேசுகிறார்களா?

உன் தம்பி
காசிராஜன்


ஆனைக்குட்டம்
6.4.2025

தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். வெயில் இப்போதே கொளுத்துகிறது, நீ தண்ணீர் நிறையக் குடி.

கருப்பம்மாள் பேசுகிறாள், பேசாமல் இருக்கிறாள், அவளுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி.

மாமன் முறைக்கு வேறு யாராவது நிற்கட்டும் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்து எனக்கு வந்த கோபத்தில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. மீனா கேட்டாள், "ஏம்மா, மாமாவுக்கு வர இஷ்டமில்லையா?" என்று. இனி இப்படி எழுதாதே.

டைரி: ஒற்றைச் சிறகுக் குதிரை. இருபதில் பத்தொன்பது ஃபாரம். இரண்டு சிநேகிதர்கள் நெருப்பு மலைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவனுக்கு நடக்க முடியாது. குகை வாசலில் குதிரை வந்து நிற்கிறது, அதற்கு ஒரே சிறகு, ஒருவனைத்தான் சுமக்கும். நடக்க முடியாதவன் உள்ளே இருந்து கூப்பிடுகிறான். நடக்க முடிந்தவன் குதிரையின் பிடரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அதோடு பத்தொன்பதாவது ஃபாரம் முடிகிறது. மார்க் இன்னும் போடவில்லை.

இதன் முடிவை எனக்குச் சீக்கிரம் எழுது காசி. மற்ற இரண்டுக்கும் நான் இப்படிக் காத்திருக்கவில்லை.

அக்கா


மதுரை
18.5.2025

அக்காவுக்கு வணக்கம். பதில் எழுத நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். வயிற்றுப்போக்கு வந்து இங்கே ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்தார்கள். இப்போது தேவலை. மீனா எட்டாம் வகுப்பு பாஸாகிவிட்டாள் என்று வக்கீல் சொன்னார், சந்தோஷம்.

குதிரைக் கதையைப் படித்தேன். முடிவில் நடக்க முடிந்தவன் குதிரையில் ஏறவில்லை. உள்ளே போகிறான். சிநேகிதனைத் தூக்கிக் குதிரை மேல் வைக்கிறான். குதிரை பறந்துபோய் அவனைப் பத்திரமாக இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறது. போன இடத்தில் அதற்கு இரண்டாவது சிறகும் முளைத்துவிட்டது. வந்து இவனையும் ஏற்றிக்கொள்கிறது. இரண்டு பேரும் ஊருக்கு வருகிறார்கள். ஊர் எல்லையில் இரண்டு பேருடைய வீட்டுக்காரிகளும் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே ஒரு கிணறு இருக்கிறது, முதலில் தண்ணீர் குடிக்கிறார்கள். பிறகு சாப்பிடுகிறார்கள். இரண்டு பேரும் ரொம்ப வருஷம் வாழ்கிறார்கள்.

ஜாமீனுக்கு நீ அலைவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உன் தம்பி
காசிராஜன்


ஆனைக்குட்டம்
1.6.2025

காசிக்கு.

உடம்பு தேறியதா? மோர் கிடைத்தால் குடி.

பண்டல் ஒன்று நனைந்து சென்னையிலிருந்து திரும்பி வந்தது. அதில் மூன்று புத்தகமும் முழுசாக இருந்தன. உட்கார்ந்து மூன்றின் கடைசி ஃபாரத்தையும் படித்தேன். டைரியில் திருத்தி எழுதியிருக்கிறேன், நீயும் பார்.

உப்பு மாளிகை: மயிலிறகும் இல்லை, குடையும் இல்லை. ஊர் பிழைக்கட்டும் என்று ராணி தானே மழையில் இறங்கி நடக்கிறாள். வாசல்படி தாண்டுமுன் கரைந்துவிடுகிறாள். நூற்றுக்கு நூறு.

நிழல் இல்லாத ஊர்: விளக்குக்காரியின் நிழல் வரவேயில்லை. வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைக் காட்டி, இது யார் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்கிறாள். நூறு.

ஒற்றைச் சிறகுக் குதிரை: ஏறிப் போய்விடுகிறான்.

நீ இப்படிக் கதை கட்டுவாய் என்று எனக்குத் தெரியாது. சின்ன வயதில் பொய் சொன்னால் உனக்கு விக்கல் வரும். கடிதத்தில் விக்கல் தெரியாது அல்லவா?

வக்கீல் ஆடி மாதம் கோர்ட்டில் கேஸ் வரும் என்கிறார். எனக்கு வருத்தமில்லை என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் உன்னை ஒன்று கேட்கிறேன். என் புருஷனின் கடைசியை ஒரு நொடி என்று சொன்னாயே, அதையும் இப்படித்தான் சொன்னாயா? எனக்குக் குடை வேண்டாம். நடந்ததை எழுது.

சொர்ணலட்சுமி


ஆனைக்குட்டம்
30.6.2025

காசிக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மூன்றாம் வருஷத் திதி கொடுத்தாயிற்று. மீனாவுக்குக் காய்ச்சல் வந்து போனது. உன்னிடமிருந்து பதில் இல்லை.

ஒன்றுமில்லை என்றால், ஒன்றுமில்லை அக்கா என்று ஒரு வரி எழுத இத்தனை நாளா ஆகும்?

சொர்ணலட்சுமி


மதுரை
21.7.2025

அக்காவுக்கு.

மீனாவுக்குக் காய்ச்சல் விட்டதா? நான் இருக்கிறேன்.

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இந்தக் கடிதத்தை இங்கே படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். படிக்கட்டும்.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். முதலில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. நான் வாசல் கேட்டுப் பக்கம் லோடு பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் ஓடினோம். நானும் ஓடினேன். வேலியைத் தாண்டி உடைமரத்தடியில் போய் நின்றபிறகுதான் ஆட்களை எண்ணினேன். மச்சான் இல்லை.

அவர் இருந்த ஏழாம் நம்பர் அறை இடிந்திருந்தது. ஆனால் தீ அங்கே வரவில்லை. அவர் உயிரோடு இருந்தார். சுவர் ஒரு காலின் மேல் விழுந்திருந்தது. கதவுச் சந்து வழியாக என்னைப் பார்த்துவிட்டார். "காசி, காலு மாட்டிக்கிருச்சு. ஒரு ஆளு தூக்குனா போதும்லே, வா" என்றார். பயந்து கத்தவில்லை. வீட்டில் கட்டிலை நகர்த்தக் கூப்பிடுவாரே, அந்த மாதிரித்தான் கூப்பிட்டார்.

எனக்கும் அவருக்கும் நடுவில் முப்பது அடி. அந்த இடத்தில் காயப்போட்ட வெடி முழுக்க விரித்துக் கிடந்தது. மறுபக்கத்து ஓரத்தில் தீ பற்றியிருந்தது, மெதுவாக வந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்த் தூக்கித் திரும்பியிருக்கலாம். நேரம் இருந்தது அக்கா. பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் இருந்தது. நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் வரவில்லை என்று சொன்னால் அது பொய். கால் வந்தது. நான்தான் போகவில்லை.

ஐந்தாறு தடவை கூப்பிட்டிருப்பார். பிறகு நிறுத்திவிட்டார். வெடிப்பதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கூப்பிடவில்லை. அப்புறம்தான் எல்லாம் வெடித்தது.

நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஏழு பேரை வைத்ததற்காக எனக்குத் தண்டனை கொடுத்தார்கள். நான் போகாமல் நின்றதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. போலீசும் கேட்கவில்லை, கோர்ட்டும் கேட்கவில்லை.

உப்பு ராணி கரைந்ததைப் படித்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தால் கை வேறு எழுதியது. அக்கா ஒரு நாளாவது நல்ல முடிவோடு தூங்கட்டும் என்று நினைத்ததாகச் சொன்னால் அது பாதிதான். ஒரு கதைக்கு உண்மையைச் சொல்லிவிட்டால் அடுத்து இதையும் சொல்ல வேண்டிவரும் என்ற பயம் மீதி. குதிரைக் கதையை எழுதியபோது மட்டும் அப்படி நடந்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்து எழுதினேன். அந்தக் கிணறும் சாப்பாடும் எனக்காக எழுதியது.

எனக்கு வருத்தமில்லை என்று நீ எழுதிக் கொடுக்க வேண்டாம். நான் உள்ளேயே இருந்துகொள்கிறேன்.

காசிராஜன்


ஆனைக்குட்டம்
24.8.2025

காசிக்கு.

இதைத் தபாலில் போடவில்லை. வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன், நீ வெளியே வந்ததும் உன் கையில் கொடுப்பார்.

நானும் உன்னிடம் பொய் சொன்னேன். பண்டல் எதுவும் நனையவில்லை, திரும்பி வரவும் இல்லை. மாசி மாதம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கருப்பம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டாள். "உன் வீட்டுக்காரரு உசுரோட இருந்தாரு தாயி. கூப்புட்டுக்கிட்டே இருந்தாரு. உன் தம்பி வேலிக்கு அங்கன நின்னான். எனக்குக் காது அடச்சுப் போச்சு, என்ன சொன்னாருன்னுதான் கேக்கல" என்றாள். நீ எழுதிய முடிவாவது நிஜமா என்று பார்க்க அன்று சாயங்காலமே பிரபாகரனிடம் கடைசி ஃபாரம் கேட்டேன். மறுபேச்சு பேசாமல் எடுத்துக் கொடுத்தான், நல்ல பையன். நான்தான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. குடைக் கதை பொய் என்று அப்போது தெரிந்துகொண்டேன். நிழல் கதைக்கு நீ எழுதிய முடிவு வந்தபோது அதுவும் பொய் என்று தெரிந்துதான் படித்தேன். குதிரைக் கதையை வேண்டுமென்றே எடுத்து எழுதி அனுப்பினேன். கடைசி ஃபாரத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் முடிவை எழுது என்று உன்னைக் கேட்டேன். அந்த ஒன்றையாவது உள்ளபடி எழுதுவாய், அதோடு சேர்த்து மற்றதையும் சொல்லிவிடுவாய் என்று எதிர்பார்த்தேன்.

நீ நின்றது எனக்கு ஆறு மாதமாகத் தெரியும். அதற்கு ஆறு மாதமாக அழுதுவிட்டேன். பயந்துவிட்டாய், என் தம்பி பயந்தவன், போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டுதான் வக்கீல் ஆபீசுக்கு நடந்தேன். உன் மச்சான் கடைசியாக என்ன சொன்னார் என்பது மட்டும் எனக்கு வேண்டியிருந்தது. என் பெயரைச் சொல்லியிருப்பார், மீனாவைச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்.

ஒரு ஆள் தூக்கினால் போதும் என்றா சொன்னார்?

ஃபாரம் அடுக்கும்போதும் அதுதான் கேட்கிறது. சோறு வடிக்கும்போதும் அதுதான். கேட்டது நான்தான், உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூப்பிடுவதை அவர் நிறுத்தினார் என்று எழுதினாயே, அதை என்னால் தாண்ட முடியவில்லை. நீ வர மாட்டாய் என்று தெரிந்துகொண்ட பிறகு கொஞ்ச நேரம் உயிரோடு இருந்திருக்கிறார்.

கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜாமீன் கையெழுத்தும் புதன்கிழமை போட்டாயிற்று. எனக்கு வருத்தமில்லை என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழேதான் கையெழுத்து. பேனா நிற்கவில்லை, ஒரே இழுப்பில் போட்டுவிட்டேன். நம் அம்மா வயிற்றில் பிறந்தவனைச் சிறையில் போட்டுவைத்து எனக்கு என்ன கிடைக்கப்போகிறது?

நாளை மறுநாள் விடுவார்களாம். விருதுநகரில் இறங்காதே. ஆலங்குளத்தில் சித்தப்பாவிடம் பேசியிருக்கிறேன், சிமெண்ட் ஆலைக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்து வைத்திருக்கிறார். நேரே அங்கே போ. வேட்டி சட்டை இரண்டு ஜதை வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன். வயிற்றைப் பார்த்துக்கொள், கண்ட இடத்தில் சாப்பிடாதே. இந்தப் பக்கம் வராதே.

மீனாவுக்கு ஆவணி முப்பதாம் தேதி சடங்கு. உனக்காக என்று தள்ளித் தள்ளி வைத்தது, இனித் தள்ள முடியாது. ஒரு வாரமாக, "மாமா எந்த பஸ்ஸும்மா, நானும் ஸ்டாண்டுக்கு வரட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நேற்று அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மாமாவுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு நம்பிவிட்டாள்.

சொர்ணலட்சுமி